கலந்தர் கொண்டுவராத மீன்

"செத்தல் மிளகாய் இன்னும் கொஞ்சம் இடிச்சுப் போடும். கலந்தருக்கு உறைப்பு வேணும்" என்றார் பரமநாதன்.

"சாப்பிட்டால் கண்ணால தண்ணி ஓட வேணும், அவ்வளவுதானே?" அவர் மனைவி மங்கையற்கரசி மொச்சைக் கறியில் தேங்காய்ப்பாலை ஊற்றினாள்.

மறிச்சுக்கட்டியில் வெள்ளைக்காரத் துரைமார் நடத்திய முத்துக்குளிப்பில் பரமநாதனுக்கும் கலந்தருக்கும் தொடங்கிய சிநேகம். கலந்தர் மீன்பிடிகாரர். ஆனால் பரமநாதனின் ஊரான உயிலங்குளத்துக்கு ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை. குளித்து, வெளுத்த சாரம் கட்டி, பேரீச்சம்பழத்தோடுதான் வருவார்.

நாளை அவர் ஹஜ்ஜுக்குக் கப்பலேறுகிறார். இந்த வயதில் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் மனைவி சரீபாவையும் முதல் தடவையாகக் கூட்டி வந்திருந்தார்.

கூடத்தில் இலை போட்டாயிற்று. உதவிக்கு அடுப்படிக்குள் நுழைந்த சரீபா திகைத்து நின்றாள். கூரையில் கருவாடு தொங்கியது.

"அக்கா, நீங்கள் மரக்கறி மட்டுந்தானே சாப்பிடுவியள்?"

"ஆர் சொன்னது? நாங்கள் ஆடும் தின்னுவம், மீனும் தின்னுவம். அறுப்பு முறை வேறையெண்டு நீங்கள்தானே எங்கட வீட்டில மச்ச மாமிசம் தொடமாட்டியள்?"

"மீனுக்கு ஏது அக்கா அறுப்பு?"

கூடத்தில் இது கேட்டது. கலந்தர் கத்தினார்.

"டேய் பரமநாதா! உன்னட்ட வாற நாளில நான் வலையைக்கூடத் தொடுறதில்லையடா!"

"உனக்காக நாங்கள் கருவாட்டை அடுப்படியில ஒளிச்சு வைச்சனாங்கள், மடையா!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"கருவாட்டைப் பொரிக்கட்டோ, நானா?" மங்கையற்கரசி கலந்தரை அண்ணன் முறை சொல்லிக் கூச்சத்தோடு கேட்டாள்.

"அது என்ர வீட்டிலையும் கிடக்குது, தங்கச்சி. மொச்சையை ஊத்துங்கோ. நான் திரும்பி வந்தாலும் இதைத்தான் வையுங்கோ."