பிடி என் கையில்

நான்கு பேய்கள் துரத்த, மஞ்சள் வாயன் புள்ளிகளை விழுங்கிக்கொண்டே சந்து சந்தாக ஓடினான். கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்த குராமோச்சிக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

ஷின்ஜுகு கடைத்தெருவிலிருந்த அந்தக் காபிக் கடையில் மேசைகளே வீடியோ விளையாட்டுப் பெட்டிகள். கண்ணாடிக்குக் கீழே பேய்கள், மேலே காபி. உட்கார்ந்ததும் பிடியைப் பிடித்தவன், தான் பார்க்க வந்த பெண்ணை இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பயந்து ஓடுறேன்னு நெனைக்காதீங்க. இந்தப் பெரிய புள்ளியைத் தின்னா பேய்ங்க நீலமாயிடும். அப்புறம் நான்தான் துரத்துவேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"என்ன வேகம்!" என்று உருகினாள், சம்பந்தம் பேச வந்த ஒதாகி அம்மாள். "பக்கத்து மேசையெல்லாம் காதைக் கிழிக்குது. நல்லவேளை, நம்மது அமைதியா இருக்கு. கல்யாணத்தைப் பேசிடலாம்."

அவன் பார்க்க வந்த சிஸுரு, கண்ணாடிக்கடியில் ஓடும் வாயனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் சந்தையில் பெட்டி தூக்கும் அப்பா படிக்கவைத்தவள். மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒதாகி அம்மாளோ அவளுடைய மேலாளரின் மனைவி. காரணம் சொல்லாமல் மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க முடியாது.

"கல்யாணத்துக்கப்புறம் வேலை எதுக்கு?" என்றான் குராமோச்சி. "வீட்டுலயும் பிடி என் கையில. நீங்க இப்படியே எதிர்ல உக்காந்திருந்தா போதும்."

வாயன் ஒரு பேயிடம் மாட்டிச் சுருண்டு செத்தான்.

"நீங்க மொறைச்சுப் பாத்தா கை தடுமாறாதா?" என்று பழியை அவள்மேல் போட்டான். சற்று நேரத்தில் வாயன் மறுபடி ஓடினான். "பாத்தீங்களா? விடமாட்டேன்!"

"ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்!" என்றாள் ஒதாகி அம்மாள். "என்னம்மா சிஸுரு, சரின்னு சொல்லிடட்டுமா?"

"இவரை நம்பி வேலையை விடலாமான்னு யோசிக்கிறேம்மா."

குராமோச்சி முதல்முறையாக நிமிர்ந்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? வந்ததுலேருந்து என் சாமர்த்தியத்தைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

சிஸுரு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இவ்வளவு நேரம் தானா ஆடினது பெட்டிதாங்க. நீங்க இன்னும் காசே போடல."