யார் வீட்டு நாற்காலி

மின்விசிறிக் காற்று போதாத மாலைகளில் வீடுகள் எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து நடுத்தெருவில் வட்டமாகப் போட்டு ஊர்க்கதை பேசுவார்கள். வண்டி வந்தால் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார்கள். போனதும் பழையபடி வட்டம் கூடிவிடும்.

புதிதாகக் குடிவந்த தையல்காரருக்கு ஒரே ஒரு உறுத்தல். கை உடைந்த நீல நாற்காலி ஒன்று தினமும் வட்டத்தில் காலியாகக் கிடந்தது. வண்டி போகும்போது அதுவும் எப்படியோ ஓரத்துக்குப் போயிருக்கும்.

"இது யார் வீட்டுது?" என்று வட்டத்தில் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டார்.

"டீச்சர் வீட்டுதுதான்."

"எங்க வீட்டுதா? நல்லா இருக்கே கதை. உங்களதுன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார் டீச்சர்.

அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. தையல்காரருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அதன் பக்கத்திலேயே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார்தான் தூக்குகிறார்கள் பார்த்துவிடலாம் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார்.

தண்ணீர் லாரி வந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். நீல நாற்காலி மட்டும் நடுத்தெருவிலேயே நின்றது. தையல்காரர் அதன் முதுகைப் பிடித்துத் தூக்கினார். இம்மிகூட அசையவில்லை. லாரி ஹாரன் அடித்தது. இரண்டு கையாலும் இழுத்தார். வியர்த்ததுதான் மிச்சம்.

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அண்ணே, அவரை உக்கார வெச்சே ஏன் இழுக்கிறீங்க? கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க."