இடமிருந்து வலம்

“கிழிச்சுப் போடுடி. புத்தி கலங்கினவரு குத்தினது. அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?” என்றாள் டீச்சர்.

மகள் கிழிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையைக் கட்டில் மேல் கொட்டி, பதினோரு தடித்த தாள்களையும் ஒவ்வொன்றாக நீவி அடுக்கினாள். அப்பா போய்ப் பத்து நாள் ஆகியும் அவளுக்கு ஒரே கேள்விதான்: கடைசியாக அவர் என்ன சொல்ல வந்தார்?

டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் முப்பது வருஷமாகப் புள்ளி எழுத்து சொல்லிக் கொடுக்கிறவள். அவள் புருஷனோ லாரி டிரைவர். பள்ளிச் சுவரில் தொங்கிய அட்டவணையைக் கண்ணால் பார்த்தே எழுத்தையெல்லாம் தெரிந்துகொண்டாரே தவிர, ஒரு நாளும் புள்ளி குத்தும் குத்தூசியைத் தொட்டதில்லை. “நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு கண்ணு இருக்கு, போதும் டீச்சர்” என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அந்த மனுஷனைத்தான் பக்கவாதம் ஒரே அடியில் சாய்த்தது. பேச்சு போயிற்று, வலது கை போயிற்று. தொட்டுக் காட்டச் சொல்லி நர்ஸ் எழுத்து அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினால் தொடவே மாட்டார். பேனாவைக் கொடுத்தால் இடது கையால் எழுத்தின் மேலேயே எழுத்தாக எழுதித் தள்ளுவார். யாருக்கும் ஒன்றும் விளங்காது. “மூளை குழம்பிடுச்சு, இனிமே எதையும் எதிர்பார்க்காதீங்க” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் அந்த மனுஷன், கட்டிலோரம் இருந்த டீச்சரின் பைக்குள் இடது கையை விட்டு, புள்ளி எழுத்து குத்துகிற பிரெய்ல் சிலேட்டையும் குத்தூசியையும் உருவிக்கொண்டார். மகள் தாளை மாட்டிக் கொடுக்க, ஓயாமல் டக், டக் என்று குத்தல். முதல் தாளில் நாலு எழுத்துத் தடவியதுமே டீச்சர் கையை எடுத்துவிட்டாள். தலையும் இல்லை, வாலும் இல்லை. டாக்டர் சொன்னது சரிதான் என்று அதற்குப் பிறகு எந்தத் தாளையும் அவள் தொடவில்லை. கண் தெரிந்தவள் பக்கத்தில் இருந்தால்தான் அவருக்கு ஒத்தாசை என்று, கட்டிலோரத்தை மகளுக்கு விட்டுவிட்டு மூலை நாற்காலிக்குப் போய்விட்டாள்.

“நான் ஒதுங்கிப் போனதுல அவருக்குக் கோபம்டி. அதான் கடைசி வரைக்கும் கட்டிலைத் தட்டிக்கிட்டே இருந்தாரு.” என்றாள் டீச்சர்.

“கோபமா இருந்தா இவ்வளவு பொறுமையா குத்துவாராம்மா? ஒத்தைக் கையால, இடது பக்கத்துலேருந்து ஒவ்வொரு கட்டமா தடவித் தடவி...”

“எந்தப் பக்கத்துலேருந்து?”

“இடது பக்கம்தான். எல்லாரும் எழுதுற மாதிரி.”

டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். சிலேட்டில் தாளின் பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும். அதனால் வலமிருந்து இடமாக, எழுத்தையும் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அத்தனையும் முதல் வாரம் இடமிருந்து குத்தித்தான் மாட்டிக்கொள்ளும். ஊர்ப் பிள்ளைகளிடம் முப்பது வருஷம் திருத்திய தப்பு, கட்டின புருஷன் விஷயத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“தாளைத் திருப்பிக் கொடு. பள்ளமா இருக்கிற பக்கம்.”

மகள் கொடுத்தாள். எழும்பிய புள்ளிக்குப் பழகிய விரல் பள்ளத்தில் தட்டுத் தடுமாறி ஊர்ந்தது. அடுத்த தாள். அதற்கடுத்த தாள். பதினொன்றிலும் ஒரே வரிதான். டீச்சர் அத்தனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா? அப்பா என்ன கேட்டிருக்காரு? சொல்லும்மா!”

“‘எனக்கும் கண்ணு தெரியல, நீ வா.’”