படத்துக்கு ஒரு வரி

“ஹாயோ, நம்ம ஆன்லைன் கடையில இருக்கிற தொப்பிப் படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிட்டியா? பார்வையில்லாதவங்களுக்கு அதைத்தான் போன் படிச்சுக் காட்டும். ஐரோப்பா முழுக்கச் சட்டமாயிடுச்சு” என்றாள் மனைவி விப்கே.

“எழுதிட்டேன். திரையில தெரியாது, காதுல மட்டும்தான் விழும்!” ஜெர்மனியின் பிரேமன் நகரமே அதிரும்படி சிரித்தான் ஹாயோ.

“அப்படி என்னத்தை எழுதின?”

“தொழில் ரகசியம்.”

“சிரி, சிரி. அம்மா இன்னிக்குக் கடையை உன் பேருக்கு எழுதித் தராங்க. சொதப்பிடாதே.”

மாமியார் வந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

“மாப்பிள்ளை, உங்ககிட்ட சொல்லல. எனக்குக் கண் மங்கி மாசக்கணக்காச்சு. போன்தான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுது. காலையில நம்ம ஆன்லைன் கடையைத் திறந்தேன்.”

ஹாயோவின் நெற்றியில் ஊரின் வெசர் ஆறே வியர்வையாய்ப் பெருக்கெடுத்தது.

“‘பச்சைத் தொப்பி. அதுக்கடியில எலுமிச்சம்பழம் கடிச்ச சூனியக்காரி.’ அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் படத்துக்கு நின்னது நான்தானே?”