பன்னிரண்டு நாளில் நிறைந்த பெட்டி

“மூணு வருஷம் வரும்னு வாங்கின பேக்கப் பெட்டி பன்னிரண்டே நாள்ல ரொம்பிடுச்சு. நேத்து பேக்கப் பாதியில நின்னுடுச்சு. யார் பார்த்த வேலை இது?”

மேனேஜர் போட்ட சத்தத்தில், சர்வர் ரூம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாலு தலை எட்டிப் பார்த்தது.

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியின் மொத்த ரெக்கார்டையும் தினமும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது அவள் வேலை. ஒப்பந்த வேலைதான். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, புதுப்பித்தால் உண்டு.

பெட்டி கம்பெனி இன்ஜினியர் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

“பெட்டி மேல தப்பில்லை சார். பழசு மாதிரி இதுக்குள்ள டேப்பே கிடையாது. டிஸ்க்தான், டேப் மாதிரி நடிக்கும். ஒரே விஷயம் நூறு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் வச்சுக்கும். ஆனா இங்க பேக்கப் சாஃப்ட்வேர்ல கம்ப்ரஷன், அதாவது சுருக்கி அனுப்புறது, ஆன்ல இருக்கு.”

“இருந்தா என்ன?”

“துணியை மடிச்சுக் கொடுத்தா, ‘இது நேத்து வந்த அதே புடவை’ன்னு கண்டுபிடிச்சுடும். முறுக்கி மூட்டை கட்டிக் கொடுத்தா? தினமும் புது மூட்டைன்னு நினைச்சு உள்ளே அடுக்கிக்கும்.”

மேனேஜர் திரும்பினார். “ஏம்மா, நீதானே ஆன் பண்ணினே?”

“ஆமா சார். பழைய டேப்ல இடம் பத்தாது, அதனால எப்பவும் ஆன்லயே வச்சுப் பழக்கம். கை தானா...”

“கை தானா போச்சு. தலை எங்கே போச்சு? அவங்க கொடுத்த புத்தகம் எதுக்கு இருக்கு? கதவுக்கு முட்டுக் கொடுக்கவா?”

உண்மையில் அது பக்கத்து அறைக் கதவுக்குத்தான் முட்டாக இருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ஹெட் ஆபீஸ் பேர் கேக்குது. யார் தப்புன்னு நாலு மணிக்குள்ள எழுதி அனுப்பியாகணும்” என்றபடி மேனேஜர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அவர் போனதும் டைப்பிஸ்ட் அக்கா உள்ளே வந்தாள்.

“சிடுமூஞ்சி தானே லெட்டர் தட்ட ஆரம்பிச்சாச்சு. உன் பேர்ல எத்தனை எழுத்துன்னு எண்ணிக்கிட்டு இருப்பார்.”

“நீங்க வேற அக்கா, பயமுறுத்தாதீங்க.”

“ஒன்பது வருஷமா ஒரு புரமோஷன் இல்லை மனுஷனுக்கு. கூடச் சேந்தவங்க எல்லாம் ஹெட் ஆபீஸ்ல உக்காந்துட்டாங்க. இந்த வாய்க்கு யாரு புரமோஷன் கொடுப்பாங்க?”

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தார்.

ஆபரேட்டர் கணவனுக்குப் போன் போட்டாள். “ஏங்க, பாப்பாவை இன்னைக்கு நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தினமும் நானே கூட்டிட்டு வரலாம் போல இருக்கு.”

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கம்ப்ரஷனை நிறுத்தினாள். நாலு சர்வரிலிருந்து வருவதை ஒன்றாகக் கலந்து எழுதும் வசதியையும் இன்ஜினியர் சொன்னபடி நிறுத்தினாள். ரொம்பப் பழைய மூட்டைகளை மட்டும் அழித்து இடம் பண்ணினாள்.

முதல் ஓட்டம் மத்தியானம் முடிந்தது. இரண்டாவது ஓட்டம் மூன்றரைக்கு முடிந்தபோது இன்ஜினியர் விசில் அடித்தார்.

“அறுநூறு ஜிபி வந்திருக்கு. பெட்டி புதுசா எடுத்துக்கிட்டது ரெண்டே ஜிபி. ஜெயிச்சுட்டீங்க மேடம்.”

“அப்ப முடிஞ்சுதா சார்?”

“திருப்பி எடுத்துத் திறந்து பார்த்தாத்தான் பேக்கப். கடைசியா மாறின ஃபோல்டர்லேருந்து மூணு ஃபைல் திறந்து பார்க்கணும். எங்க கம்பெனி விதி.”

பட்டியலின் தலையில் மேனேஜரின் ஃபோல்டர் நின்றது. பெயர்: ‘விளக்கக் கடிதங்கள்’.

“அது வேண்டாம் சார். அதுல என் தலைதான் உருளும்.”

“விதி மேடம்” என்று இன்ஜினியர் அதற்குள் தட்டிவிட்டார்.

பதினோரு கடிதங்கள் திரும்பி வந்தன. கடைசியாக இருந்தது அன்றைய தேதியில். அவர் அதைத் திறந்தார். டைப்பிஸ்ட் அக்கா ஓடி வந்து, இருவர் தோளுக்கும் நடுவே தலையை நீட்டினாள்.

‘கம்ப்ரஷனை நிறுத்தும்படி ஊழியருக்கு நான் உத்தரவு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவர் வழக்கமான முறைப்படியே வேலை செய்தார். பொறுப்பு முழுவதும் என்னுடையது.’

ஆபரேட்டர் இரண்டு தரம் படித்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

“இன்னும் ரெண்டு பார்க்கணும்” என்று இன்ஜினியர் அடுத்ததைத் திறந்தார்.

அது ஸ்டோர் கீப்பர் ஃப்ரிட்ஜைச் சாத்த மறந்து மருந்து வீணான சமாச்சாரம். ‘ஃப்ரிட்ஜைச் சரிபார்க்கத் தவறியவன் நான். பொறுப்பு முழுவதும் என்னுடையது.’

மூன்றாவது, ஆறு வருஷப் பழசு. தேதி தப்பாக அடிக்கப்பட்ட ஒரு சுற்றறிக்கை, லீவு நாளில் மொத்த ஆஸ்பத்திரியையும் வேலைக்கு வரவழைத்த கதை. ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். பொறுப்பு முழுவதும் என்னுடையது.’

டைப்பிஸ்ட் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அந்தச் சுற்றறிக்கையை அடித்தவள் அவள்தான்.

மேனேஜர் கதவைத் திறந்தார்.

“இன்னும் என்ன வேடிக்கை? திரும்பி வருதா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

“வருது சார்” என்றாள் ஆபரேட்டர். “எல்லாமே வந்துடுச்சு.”

கதவு மறுபடி படாரென்று சாத்தப்பட்டது.

இன்ஜினியர் மிச்ச எட்டுக் கடிதங்களைத் திறக்காமலே ஃபோல்டரை மூடிவிட்டு, டைப்பிஸ்ட் அக்கா பக்கம் திரும்பினார்.

“ஒன்பது வருஷத்துல பதினோரு தப்பை ஒப்புக்கிட்டவருக்கு, யாரு அக்கா புரமோஷன் கொடுப்பாங்க?”