மூன்றாவது கையெழுத்து

கையெழுத்துக் கட்டத்துக்கு மேல் வந்து நின்ற பேனாவை, வெளித்தேர்வாளர் எழுதாமலே மூடி வைத்தார். வாய்மொழித் தேர்வு முடியும் நேரம்.

நிலவியலில் எம்.எஸ்ஸி. பட்டத்துக்குக் கேட்டதையெல்லாம் எதிரே நின்ற பெண் முடித்திருந்தாள். இரண்டு வருடப் பாடம், நாற்பது நாள் களப்பணி, மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்த நூற்றிருபது பாறைத் துண்டுகள், நூற்றெண்பது பக்க ஆய்வேடு. பாக்கி இருந்தது மூன்று கையெழுத்துகள். அவற்றில் இரண்டை வழிகாட்டியும் துறைத்தலைவரும் காலையிலேயே போட்டுவிட்டார்கள்.

"எங்க, இன்னொரு தடவை சொல்லு. மண்மேட்டுல இருக்கிற வெடிப்பை யாரு அளந்தது?" என்றார் வெளித்தேர்வாளர்.

"நான்தான் மேடம். எட்டு மாசமா, பத்து நாளைக்கு ஒரு தடவை."

"எவ்வளவு விரிஞ்சிருக்கு?"

"பதினோரு அங்குலம். அடியில களிமண் இருக்கு மேடம். தண்ணி இறங்கினா சோப்பு மாதிரி வழுக்கும். மேடு மொத்தமும் கீழ இருக்கிற வீடுங்க மேல வந்துடும்."

"மழை எப்போ?"

"மூணு வாரத்துல."

சுரங்கத்துக் கழிவு மண் மலைபோல் குவிந்திருந்த அந்த மேட்டின் அடியில் இருநூறு வீடுகள். முதல் வரிசையில் அவளுடைய அக்கா, இரண்டு குழந்தைகளோடு. மனு கொடுக்கப் போன அலுவலகத்தில், "முதல்ல படிச்சு முடிம்மா, அப்புறம் எங்களுக்குப் பாடம் எடுக்கலாம்" என்று சிரித்து அனுப்பியிருந்தார்கள். பட்டம் கைக்கு வந்துவிட்டால் சிரிக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து சுரங்கக் கம்பெனி அதிகாரி எழுந்தார். அவளுடைய களப்பணிச் செலவு முழுவதையும் ஏற்றது அவருடைய கம்பெனிதான்.

"மேடம், தங்கச்சி உயிரைக் கொடுத்து உழைச்சிருக்கு. கண்ணை மூடிட்டு ஒரு கையெழுத்தைப் போட்டு விடுங்க." அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாஸ் ஆனதும் பிரதி எல்லாத்தையும் என்கிட்ட கொடுத்துடணும், மறந்துடாதே. ஒப்பந்தம் அப்படி. மேற்கொண்டு ஆகவேண்டியதை நாங்க பாத்துக்கறோம்."

அவள் நன்றியோடு தலையாட்டினாள்.

வெளித்தேர்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மேடு சரியப் போகுதுன்னு எழுதியிருக்கா. அவளுக்கு நீங்களே சிபாரிசு. பெரிய மனசுதான் சார் உங்களுக்கு."

பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கொட்டை எழுத்தில் எழுதினார்: 'தேர்ச்சி இல்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் வரலாம்.'

"என்ன மேடம் இது! மத்த ரெண்டு பேரும் போட்டாச்சே!" அதிகாரி பதறிப்போய்ப் படிவத்தை எட்டிப் பார்த்தார். வழிகாட்டி ஜன்னலை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"மூணும் வேணும்கிறது விதி. அதை நான் எழுதலை."

அதிகாரி அவசரமாகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். வெளித்தேர்வாளர் ஆய்வேட்டின் நான்கு பிரதிகளையும் அள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். அவள் மாடிப்படி வரை துரத்திக்கொண்டு ஓடினாள்.

"ஆறு மாசமா? அதுக்குள்ள எங்க அக்கா வீடே இருக்காது மேடம்! என் அளவுல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு காட்டுங்க பாப்போம்!"

"ஒண்ணும் இல்லை. மூணு தடவை சரிபார்த்தேன். சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, முதல் பிரதிக்குள்ள வெச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் மேடம் ஃபெயில் பண்ணீங்க?"

வெளித்தேர்வாளர் பிரதிகளை அவள் கைகளில் திணித்தார். மூடியிருந்த அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கீழே நான் வரச்சொன்ன பத்திரிகைக்காரர் காத்துட்டிருக்கார், ஓடு. பாஸ் ஆயிருந்தா ஒப்பந்தப்படி இது அஞ்சு வருஷம் அவங்க பீரோவுல பூட்டிக் கிடக்கும். ஃபெயில் ஆனது உன்னோடதும்மா!"