குளத்துக்குப் போய் வந்த துண்டு

காப்பித் தோட்டத்து நிழல் மரத்திலிருந்து விழுந்த நாள் முதல் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. பெரும்பாறைத் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டு வாசலில், ஆரஞ்சுப் பெட்டிகள் மேல் போட்ட பலகையில் கிடக்கிறேன். பனி விலகி, வெயில் என் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. அந்தச் சூட்டைக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஜெருசலேம் யாத்திரை போய் வந்த மிஷன் பள்ளி வாத்தியார் வேதமாணிக்கம் பையிலிருந்து என் துண்டை எடுக்கிறார். பைபிளில் நோயாளிகள் இறங்கிச் சொஸ்தமான பெதஸ்தா குளத்தில் நனைத்து வரச் சொல்லி என் மனைவி அன்னபாக்கியம் கொடுத்தனுப்பியது. சேலையில் கையைத் துடைத்துவிட்டு அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். "நனைச்சீங்களாய்யா?" வாத்தியார் தொண்டையைச் செருமுகிறார். "குளம் இடிஞ்சு பள்ளமாக் கெடக்கு தாயி. உள்ள எறங்க விடல. பக்கத்துக் குழாயிலதான் நனைச்சேன்." "அதுவும் அந்த ஊர்த் தண்ணிதானுங்களே." துண்டு கருவாடாய் விறைத்திருக்கிறது. அவள் சொம்புத் தண்ணீரை ஊற்றி நனைத்து, பிழியாமல் என் வலது காலில் சுற்றுகிறாள். "நம்ம தண்ணியையும் கலந்துட்டியே," என்கிறேன். "சும்மா கெடங்க." தண்ணீர் கணுக்காலில் வழிந்து, குதிகாலில் தொங்கி, பலகையில் சொட்டுகிறது. ஓர் எறும்பு ஒதுங்கிப் போகிறது. அவள் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்க்கிறாள். "தெரியுதாங்க?" வாத்தியார் தலைகுனிந்துகொள்கிறார். "தெரியல, பாக்கியம்." அவள் துண்டை அவிழ்க்கிறாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறாள். பிறகு பலகையைச் சுற்றி மறுபக்கம் வந்து உட்கார்ந்து, "இந்தக் கால்ல பாப்போம்," என்கிறாள்.